உபயத்தம்மா

அந்த அம்மாவின் பேரை நான் இங்கே எழுதப்போவதில்லை. பயத்தால் இல்லை, மரியாதையால் சத்தியமாக இல்லை. அவள் பேர் வேண்டிய மட்டும் எழுதியாகிவிட்டது, எழுதக்கூடாத இடத்தில்கூட எழுதியாகிவிட்டது. என் பங்குக்கு நான் வேறு எழுதி வைக்க வேண்டுமா? சித்தூரில் அவள் இருந்த தெருவில், அவள் காதில் விழாமல், உபயத்தம்மா என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். எனக்கும் அதுவே போதும்.

வக்கீல் வீடு, மெத்தை வீடு. வாசலில் வழிப்போக்கர்களுக்கு ஒரு தண்ணீர்ப் பானை இருக்கும். பானையின் வயிற்றில் 'உபயம்' என்று போட்டு அவள் பேர். பஸ் நிற்கிற இடத்தில் ஒரு கல் பெஞ்சு, அதிலும் அவள் பேர். ஆஸ்பத்திரிக்குப் போர்வை கொடுத்தாள். அதில் தலைமாட்டுப் பக்கமாகப் பேர். ஜுரத்தில் கிடப்பவன் கண்ணைத் திறந்தால் முதலில் அதுதான் தெரிய வேண்டும். கோயிலுக்கு விளக்கு கொடுத்தால் விளக்கில் பேர் எழுதுவது ஊர் வழக்கம்தான், யார் எழுதவில்லை? ஆனால் இவளுக்கு அது ஒரு வியாதி. காணிப்பாக்கத்தில் கோடைக்குத் தண்ணீர்ப்பந்தல் போட்டபோது பித்தளை டம்ளர்கள் வாங்கி, பேரை விளிம்பில் வெட்டச் சொன்னாளாம். "வெளிம்புல வெட்டினா ஒதட்டைக் கீறும்மா" என்று பாத்திரக்கடைக்காரர் சொல்லியிருக்கிறார். "கீறட்டுமே. யார் குடுத்த தண்ணின்னு ஞாபகம் இருக்கும்" என்று பதில் வந்ததாம். எங்களைப் போன்றவர்களுக்கு டம்ளரைத் தரமாட்டார்கள், கையில் தூக்கி ஊற்றுவார்கள். அதனால் என் உதடு தப்பித்தது.

ஆந்திரா தனி ராஜ்யமாகி சித்தூர் அந்தப் பக்கம் போய்விட்ட சமயம் அது. திருத்தணி யாருக்கு, எல்லையில் இருக்கிற எங்கள் ஊர்கள் யாருக்கு என்று இரண்டு பக்கமும் இழுத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு நாள் தமிழ்க்காரர்கள் கோஷம் போட்டுக்கொண்டு ஊர்வலம் வந்தார்கள். உபயத்தம்மா வாசலில் நின்று எல்லாருக்கும் மோர் கொடுத்தாள். சில நாள் கழித்துத் தெலுங்குக்காரர்களின் ஊர்வலம் வந்தது. அதே வாசல், அதே டம்ளர், அதே மோர். எதிர்வீட்டு அம்மா கேட்டேவிட்டாள்: "நீங்க எந்தக் கட்சி?"

"தாகமா வர்றவங்க எல்லாரும் நம்ம கட்சிதான்" என்றாள் இவள், சிரித்துக்கொண்டே. தெருவே அந்தப் பதிலை மெச்சிக்கொண்டது. சர்க்கார் ஆபீஸ் பலகைகள் தெலுங்குக்கு மாறுவதற்கு முன்னாலேயே இவளுடைய உபயப் பலகைகள் எல்லாம் தெலுங்குக்கு மாறிவிட்டன. பெயிண்ட் காய்வதற்குள் பெஞ்சில் உட்கார்ந்து வேட்டியைக் கெடுத்துக்கொண்டவர்கள் உண்டு.

என் அம்மா அவள் வீட்டுக் கொல்லையைப் பெருக்கி, மாட்டுக்கொட்டகையைக் கழுவிக்கொண்டிருந்தாள். காட்பாடி போகிற ரோட்டில் எங்கள் ஊர். விடிந்ததும் நடந்து வருவோம், கொல்லைக் கதவு வழியாக நுழைவோம். என் அப்பா, நைனா என்போம், வெல்ல மண்டியில் மூட்டை தூக்கினார். நான் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது முடித்திருந்தேன். ஆறாவதுக்குச் சித்தூர் டவுனுக்குத்தான் வர வேண்டும். சேர்த்துவிடப் போனபோது பெரிய டீச்சர் என் பாவாடையைப் பார்த்தார், சட்டையைப் பார்த்தார். "படிப்பு இருக்கட்டும். ஸ்கூல் தொறக்கிறப்போ கிழிசல் இல்லாம, ஒட்டு இல்லாம ஒரு துணி போட்டுக்கிட்டு வந்தாச் சேத்துக்கறேன். இல்லேன்னா வராதே" என்றார். நைனாவிடம் போய்ச் சொன்னேன். "துணி கெட்சா போ. கெடைக்கலன்னா அம்மா கூடக் கொட்டாய் கழுவு" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கையில் காசு இருந்தால் அப்படிச் சொல்லியிருப்பாரா?

அந்தக் கோடையில்தான் உபயத்தம்மா தன் வீட்டு முன் ஹாலில் வாசகசாலை வைத்தாள். மாமனார் காலத்துப் புத்தகங்களோடு சிறுவர் புத்தகங்களும் வாங்கி அடுக்கினாள். வக்கீல் வீட்டுப் பிள்ளைகள், மண்டிக்காரர்கள் வீட்டுப் பிள்ளைகள், டாக்டர் வீட்டுப் பிள்ளைகள் எல்லாரும் லீவு முழுக்க வந்து படிக்க வேண்டும். முதல் நாள் அவள் பேசியதைக் கொல்லையிலிருந்து நானும் கேட்டேன்.

"படிச்சா மிட்டாய் குடுப்பேன், பென்சில் குடுப்பேன்னு நெனைக்காதீங்க. அதெல்லாம் அற்பம். யார் அஞ்சு புஸ்தகம் படிச்சு எங்கிட்ட கதை சொல்றீங்களோ, அவங்க பேர்ல ஒரு ஏழைப் பிள்ளைக்கு நான் துணி எடுத்துக் குடுப்பேன். லீவு முடியறப்போ திருப்பதியில பெரியவங்க முன்னாடி உங்க கையாலயே குடுக்கலாம். அதுதான் பரிசு."

கேட்பதற்கு எவ்வளவு நன்றாக இருக்கிறது! இன்றைக்கு யாராவது இப்படி ஆரம்பித்தால் நானே கூட முதலில் தலையாட்டுவேன். பிள்ளைகள் படிக்கிறார்கள், இல்லாதவர்களுக்குத் துணி கிடைக்கிறது, இதில் என்ன குற்றம்? நல்ல காரியத்தை எப்படி நாறடிப்பது என்று அவளிடம்தான் கற்றுக்கொள்ள வேண்டும்.

மறுநாள் எங்கள் ஊரிலிருந்தும் பக்கத்துச் சேரியிலிருந்தும் பிள்ளைகளை வரவழைத்துக் கொல்லையில் வரிசையாக நிறுத்தினாள். படிக்கிற பிள்ளைகள் வந்து ஆளுக்கொரு ஏழையைப் பொறுக்கிக்கொள்ள வேண்டும். சந்தையில் ஆட்டைப் பார்க்கிற மாதிரி பார்த்தார்கள். "எனக்கு மூக்கு ஒழுகறவன் வேணாம்" என்றது ஒன்று. மண்டிக்காரர் மகள் சரோஜா என் வயசுக்காரி. என் முன்னால் வந்து நின்று, "இவதான் என் ஏழை" என்றாள். அப்படித்தான் சொல்லச் சொல்லியிருந்தாள் அந்த மகராசி. இவன் என் ஏழை, அவள் உன் ஏழை.

பொறுக்கியதோடு முடியவில்லை. லீவு முழுக்க நாங்கள் தினமும் வந்து கொல்லையில், ஹால் ஜன்னலுக்கு நேராக உட்கார்ந்திருக்க வேண்டும். படிக்கிற பிள்ளைகளுக்குச் சலிப்புத் தட்டினால் ஜன்னல் வழியாக எங்களைப் பார்த்துக்கொள்வார்களாம். பார்த்தால் மனசு இளகிப் படிப்பு ஓடுமாம். ஒரு நாள் ஒருத்தி தன் பையனுக்கு எண்ணெய் வைத்து வழித்துச் சீவி, பொட்டு வைத்து அனுப்பியிருந்தாள். உபயத்தம்மாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. "இப்படி மினுக்கிக்கிட்டு வந்து உக்காந்தா யாருக்குடா எரக்கம் வரும்?" என்று கையில் இருந்த விசிறிக் காம்பால் அவன் தலையைக் கலைத்துவிட்டாள். கையால்கூடத் தொடவில்லை.

சட்டம் இதுதான்: சரோஜா ஐந்து புத்தகம் படித்துக் கதை சொன்னால் எனக்குப் பாவாடை சட்டை. சொல்லாவிட்டால் இல்லை. சரோஜாவோ புத்தகத்தைத் திறந்தால் தூங்கிவிடுவாள். கெட்ட பெண் இல்லை, படிப்புதான் ஆகாது. ஜன்னல் வழியாக நான் அவளைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். அவள் தலை புத்தகத்தின் மேல் சாயும்போதெல்லாம் என் ஆறாவது வகுப்பும் கூடவே சாயும். பொறுத்துப் பார்த்தேன். ஒரு நாள் அவள் தண்ணீர் குடிக்கக் கிணற்றடிக்கு வந்தபோது போய் நின்றேன்.

"இன்னாடி, இன்னும் மொத புஸ்தகமே முடிக்கலியா?"

"முடியலடி. எழுத்தெல்லாம் எறும்பு மாதிரி ஓடுது."

"என்கிட்ட குடு. நான் படிச்சுக் கதை சொல்றேன். நீ போய் அம்மாகிட்ட ஒப்பி."

"உனக்குப் படிக்கத் தெரியுமா?" என்று வாயைப் பிளந்தாள். ஏழைக்குப் படிக்கத் தெரியும் என்பது அவளுக்குத் தோன்றவே இல்லை. யார் சொல்லிக் கொடுத்திருப்பார்கள், பாவம்.

அன்றிலிருந்து மாட்டுக்கொட்டகை என் வாசகசாலை. சாணி அள்ளிப் போட்ட பிறகு கை கழுவிக்கொண்டு, வைக்கோல் போரின் மறைவில் உட்கார்ந்து படிப்பேன். அடடா, என்ன புத்தகங்கள்! கப்பல் கவிழ்ந்து தீவில் ஒதுங்கியவன் கதை, குரங்கு வளர்த்த ராஜகுமாரி கதை, பொய் சொல்லியே மந்திரியானவன் கதை. அம்மா வாசலில் கண் வைத்துக்கொண்டே பெருக்குவாள். "சீக்கிரம் படிச்சிகினு குடுத்துடுமே, யாரனா வந்துடப் போறாங்க" என்பாள். படித்ததைச் சரோஜாவிடம் சொல்வேன். அவள் உள்ளே போய்த் தேன் ஒழுகச் சொல்லுவாள். சொல்வதில் மட்டும் கெட்டிக்காரி.

ஒரு தடவை சரோஜா மேல் எனக்கு எரிச்சல். கொண்டுவந்த முறுக்கு முழுவதையும் என் எதிரிலேயே தின்றுவிட்டாள். அன்றைக்குக் கதையின் முடிவை மாற்றிச் சொன்னேன். கடைசியில் ராஜகுமாரி குரங்கையே கல்யாணம் பண்ணிக்கொண்டாள் என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு பயம் பிடித்துக்கொண்டது. மாட்டிக்கொண்டால் பாவாடை போச்சு. ஜன்னலடியில் ஒட்டிக்கொண்டு கேட்டேன். சரோஜா அப்படியே ஒப்பித்தாள். உபயத்தம்மா கண்ணை மூடிக்கொண்டு கேட்டுவிட்டு, "பேஷ், வரி விடாம படிச்சிருக்கே" என்றாள். அப்போதுதான் தெரிந்தது, அந்த வாசகசாலையில் ஒரு புத்தகத்தைக்கூட அவள் படித்ததில்லை. ஒவ்வொரு புத்தகத்தின் முதல் பக்கத்திலும் அவள் பேர் மட்டும் இருக்கும்.

ஐந்து புத்தகமும் முடிந்தது. நீலப் பாவாடை, வெள்ளைச் சட்டை. சலவைக்காரர் வந்து கொல்லையில் உட்கார்ந்து சேங்கொட்டையை ஊசியால் குத்தி, அதன் பாலைத் தொட்டு, துணிக்குக் குறி போடுகிற மாதிரி ஒவ்வொரு சட்டையின் முதுகிலும் எழுதினார். உபயம், அதன் கீழே படித்த பிள்ளையின் பேர், தெலுங்கில். மேலே சுண்ணாம்பைத் தடவினால் எழுத்து கறுத்துவிடும். சட்டை கிழியும், அந்த மை போகாது. என் சட்டையில் சரோஜா பேர் ஏறியது. ஏறிவிட்டுப் போகட்டும் என்று இருந்தேன். அவளுக்காக நான் படித்தேன், எனக்காக அவள் ஒப்பித்தாள், சட்டை இரண்டு பேருக்கும் சொந்தம்தானே என்று என்னையே சமாதானம் செய்துகொண்டேன்.

திருப்பதிக்கு ரயிலில் போனோம், எனக்குத் துணையாக அம்மாவும் வந்தாள். படித்தவர்கள் ஒரு பெட்டி, ஏழைகள் ஒரு பெட்டி. பாகாலாவில் வண்டி நின்றபோது அந்தப் பெட்டிக்கு இட்லிப் பொட்டலம் போனது, எங்களுக்குப் பொரி வந்தது. சத்திரத்துக் கூடத்தில் விழா. மேடையில் ஒரு பெரிய ஆபீசர், தெலுங்குக்காரர், நல்ல மனுஷன் மாதிரித்தான் இருந்தார். ஒவ்வொரு பிள்ளையும் தன் ஏழையைக் கூப்பிட்டுக் கொடுக்கும். வாங்கியவர்கள் சபைக்கு முதுகைக் காட்டித் திரும்பி நிற்க, உபயத்தம்மா சட்டையை அவர்கள் தோளில் விரித்துப் பேரைக் காட்டுவாள். கைதட்டுவார்கள். பேருக்குத்தான் கைதட்டல்.

என் முறை வந்தது. சரோஜா சட்டையும் பாவாடையும் நீட்டினாள். நான் கை நீட்டும்போது அந்த ஆபீசர் குனிந்து, "சதவடம் வச்சா அம்மா?" என்றார். படிக்கத் தெரியுமா என்றுதான் கேட்டார். மேஜையில் இருந்த ஒரு கதைப் புத்தகத்தையும் எடுத்து என் பக்கம் நகர்த்தினார்.

நான் வாயைத் திறப்பதற்குள் உபயத்தம்மா சிரித்தாள். "அதுகளுக்கு ஏதுங்க படிப்பு! எருமை மாதிரி உக்காந்திருக்கும். அதனாலதானே நாம குடுக்க வேண்டியிருக்கு" என்றாள்.

கூட்டத்தின் கடைசியில் அம்மா நின்றுகொண்டிருந்தாள். வேண்டாம், வேண்டாம் என்று கண்ணாலேயே என்னைக் கெஞ்சினாள். எனக்குத் தெரியாமல் இல்லை. தலையைக் குனிந்துகொண்டு நின்றால் பாவாடை என் கையில். ஆனால் எருமை என்று சொன்னாளே! காது சுட்டது. புத்தகத்தைப் பிடுங்கினேன் என்றுதான் சொல்ல வேண்டும். கப்பல் கவிழ்ந்தவன் கதை. வாய்விட்டு, நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, ஒரு பக்கம் முழுக்கப் படித்தேன். நான் முடித்ததும் சரோஜா, அசடு, சந்தோஷம் தாங்காமல் குதித்தாள்.

"இவதான் எனக்கு எல்லாப் புஸ்தகமும் படிச்சுக் கதை சொன்னா!"

எல்லாரும் சிரித்தார்கள். நான் உபயத்தம்மாவின் முகத்தைப் பார்த்தேன். அறைவாள் என்று நினைத்தேன். அறைந்திருந்தால்கூட இவ்வளவு காலம் நான் இப்படிக் கசந்துகொண்டிருக்க மாட்டேன். முகம் ஒரு கணம் தொங்கியது. அப்புறம் மெல்ல மெல்லச் சிரிப்பு ஏறியது. வந்து என் தலை மேல் கை வைத்தாள், அதுவரை என்னைத் தொட்டதே இல்லை. "இது நம்ம வீட்டுக் கொல்லையிலயே வளர்ந்த பிள்ளைங்க. அ ஆ கூடத் தெரியாம வந்துச்சு. நான்தான் படிக்க வச்சேன்" என்று சபையைப் பார்த்துச் சொன்னாள். கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது. ஆபீசர் எழுந்து அவளைக் கும்பிட்டார். அந்தக் கும்பிடை வாங்கிக்கொண்டே, சரோஜாவின் கையில் இருந்த துணியை அவள் உருவிக்கொண்டாள். "நாளைக்கு வீட்ல வந்து வாங்கிக்கோ" என்றாள் என்னிடம்.

திரும்பி வருகிற ரயிலில் அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "போச்சு. கைக்கு வந்தத வாங்கிகினு பூட்டா. இனிமே குடுக்கவா போறா? உன் வாயி கீதே, அத தெச்சிருக்கணும். இஸ்கூலு நாளான்னிக்குத் தொறக்கறான்டி!"

கொடுத்தாள். கொடுக்காமல் விடுகிற ஜன்மமா அது? மறுநாள் நாங்கள் போனபோது சலவைக்காரர் என் சட்டையை மடியில் வைத்துக்கொண்டு விழித்துக்கொண்டிருந்தார். "சரோஜா பேரை அடிச்சிட்டு என் பேரைப் போடு" என்றாள் அவரிடம்.

"அடிச்சா அசிங்கமா இருக்கும்மா. எடமும் இல்ல."

"கீழ எடம் இருக்கே. பெருசா எழுது. அவர் பேரையும் வக்கீல்னு சேத்து எழுது."

"சின்னப் பொண்ணு ஒடம்பும்மா. இவ்ளோ மை பட்டா கொப்பளிச்சிப்பூடும்."

"துணி மேலதானேப்பா எழுதறே?"

அவர் என்னைப் பார்த்தார், பிறகு எழுதினார். தோளிலிருந்து இடுப்பு வரைக்கும் அவள் பேர், அவள் புருஷன் பேர், மேலே கோடு போட்டு அடித்த சரோஜா. வீட்டுக்குப் போய் அம்மா சாம்பல் தண்ணீரில் ஊற வைத்தாள், கல்லில் அடித்துப் பார்த்தாள், சட்டையை உள்வெளியாகத் திருப்பினாள். மை இரண்டு பக்கமும் ஊறியிருந்தது. "முதுக வெட்டி எட்துட்டு என் பொடவையில ஒட்டுப் போட்டுத் தரட்டா?" என்றாள். ஒட்டுப் போட்டால் பெரிய டீச்சர் சேர்க்கமாட்டார். அது அம்மாவுக்கும் தெரியும், சும்மா கேட்டாள். நைனா சட்டையை வாங்கி விளக்கில் பிடித்துப் பார்த்தார். அவருக்கு எந்த எழுத்தும் தெரியாது. "இன்னா எழுதிகீது?" என்றார். சொன்னேன். காறித் துப்பிவிட்டு வெளியே போய்விட்டார்.

நான் படித்தேன், வேலைக்குப் போனேன், எல்லாம் நடந்தது. இன்றைக்கும் பழைய ஆட்கள், "அந்த மகராசி குடுத்த சட்டையாலதானே நீ இஸ்கூல் போனே" என்கிறார்கள். ஆமாம், அதனால்தான் போனேன். பொய் சொல்ல முடியவில்லையே என்பதுதான் வயிற்றெரிச்சல்.

பள்ளிக்கூடம் திறந்த அன்று பெரிய டீச்சர் என்னை முன்னால் இருந்து பார்த்துச் சேர்த்துக்கொண்டார். என் தலைமயிர் தோளைத் தாண்டாது, பின்னினாலும் எதையும் மறைக்காது. எல்லாருக்கும் முன்னால் வகுப்புக்குள் போய்க் கடைசி பெஞ்சில், சுவரை ஒட்டி உட்கார்ந்துகொண்டேன். மணி அடித்தால் எல்லாரும் போன பிறகு எழுந்திருப்பேன். வியர்வையில் முதுகு தடித்துச் சிவந்து, கொப்புளம் கண்டது. சொறியவும் முடியாது, சாய்ந்தே இருக்க வேண்டும். வகுப்பில் கேட்கிற கேள்வி எல்லாவற்றுக்கும் எனக்குப் பதில் தெரியும். ஆனால் எங்கள் வகுப்பு டீச்சருக்கு ஒரு பழக்கம், பதில் தெரிந்தவர்கள் எழுந்து போய்க் கரும்பலகையில் எழுத வேண்டும். கரும்பலகையில் எழுதுகிறவள் வகுப்புக்கு முதுகைக் காட்டித்தானே நிற்க வேண்டும்?

ஒரு நாள் அவர் கேட்ட கணக்கு யாருக்கும் வரவில்லை. ஒவ்வொரு பெஞ்சாக வந்து கடைசியில் என்னிடம் வந்தார். என் சிலேட்டுப் பலகையில் விடை எழுதியிருந்தது. உள்ளங்கையால் அதை மூடிக்கொண்டேன்.

"நீ ஒரு நாளும் வாயைத் தொறக்கறதில்லையே. இது தெரியுமா?" என்று சாக்பீஸை என் முன்னால் நீட்டினார்.

"தெரியாது டீச்சர்" என்றேன்.